அத்தையின் கார்டை மாற்றுவதா, வைத்திருப்பதா?

அத்தைக்கு 67 வயது. வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 16 வயதில் கொழுந்து கிள்ளப் போனவர். மாமா இறந்த பிறகு, லயம் என்று சொல்லும் தோட்டத்து வரிசை வீட்டில் மகள், மருமகன், பிள்ளைகள் என்று இடம் நெருக்கடியாகிவிட்டது. போன வருஷம் கம்பத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பின்கட்டில் ஒரு அறை, தனி அடுப்பு. குமுளி மலைப்பாதையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மகளைப் பார்த்துவிடலாம். ஆனால் அவருடைய ரேஷன் கார்டும் மருத்துவக் காப்பீடும் விதவை ஓய்வூதியமும் அவரோடு மலை இறங்கி வரவில்லை. மூன்றும் கேரளாவில்தான் இருக்கின்றன.

1956-இல் மாநில எல்லை போட்டபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளாவோடு போயின. கம்பம், போடி, தேவாரம் இங்கே நின்றன. குடும்பங்கள் இரண்டு பக்கமும் கலந்துதான் இருக்கின்றன. இன்றைக்கும் விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப் ஜீப்பாக ஏலத்தோட்டத்துக்கு ஆட்கள் ஏறுகிறார்கள். பகலெல்லாம் கேரளா, ராத்திரி தமிழ்நாடு. உடம்பு கெட்டுப்போவதற்கு எல்லை தெரியாது, கார்டுக்குத் தெரியும். நாடு முழுவதற்குமான மருத்துவக் காப்பீட்டை எப்படிச் சீர்திருத்துவது என்று பெரிய இடங்களில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம், அதெல்லாம் எங்கள் பின்கட்டு அறையில் எப்படி வந்து இறங்கும் என்றுதான் எனக்கு யோசனை போகும்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு என்று தினமும் பிரதி எடுத்துக் கொடுத்து, படிவமும் நிரப்பிக் கொடுப்பதால், இந்தத் திட்டங்களின் விதிகள் ஓரளவு தெரியும். அத்தை விஷயத்தில் எங்கள் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் உதவும்.

கேரள கார்டையே வைத்துக்கொள்வது ஒரு வழி. 2019 ஏப்ரலில் தொடங்கிய காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டத்தில் அத்தையின் குடும்பம் இருக்கிறது. மத்திய அரசு 2018 செப்டம்பர் 23 அன்று ஆரம்பித்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது அது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை, மருத்துவமனையில் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கு. தொகை பெரியதுதான், குறை சொல்ல முடியாது. மத்திய அரசின் பட்டியலில் பெயர் இருந்தால், இந்தியாவில் எந்த மாநிலத்திலும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் கார்டைக் காட்டலாம். அந்தப் பட்டியல் 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அதில் விட்டுப்போன ஏழைக் குடும்பங்களை மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் சேர்த்தன. அப்படிச் சேர்ந்தவர்களுக்கு எல்லை தாண்டிய சலுகை கிடையாது. அத்தை அந்த இரண்டாம் வகை. கார்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

தெரிந்தது போன ஆவணியில். இடது காலில் செருப்பு உரசி ஒரு கொப்புளம். அத்தைக்குப் பத்து வருஷமாகச் சுகர். தோட்டத்தில் இருந்தவரைக்கும் அங்கே அரசு சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். இங்கே வந்த பிறகு அந்த வரிசை அறுந்துபோனது. எங்களிடம் கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, மருந்துக்கடையில் அட்டையாக வாங்காமல் அஞ்சு அஞ்சு மாத்திரையாக வெட்டி வாங்கியிருக்கிறார். இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை. பிறகு அவர் தலையணைக்கு அடியில் நான் பார்த்த மாத்திரை அட்டைகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை. கத்தரியால் நறுக்கிய துண்டுகள். தேதி அச்சடித்த ஓரம் எதிலுமே இல்லை. கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்து, காய்ச்சல் வந்த பிறகுதான் என் மதினியிடம் சொன்னார். பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கார்டு நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இங்க எடுக்காது" என்றார்கள். முன்பணம் 40,000 கட்டச் சொன்னார்கள்.

அங்கிருந்து நேராகத் தேனி தாண்டி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே கார்டு இருக்கிறதா என்று பார்த்து அனுமதிக்கவில்லை, காலைப் பார்த்து அனுமதித்தார்கள். பதினொரு நாள். ஒரு விரலை எடுத்துவிட்டார்கள், காலைக் காப்பாற்றினார்கள். வைத்தியத்துக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. எங்களுக்குச் செலவு சாப்பாடு, பஸ், துணைக்கு இருந்த மதினிக்குப் போன சம்பளம். அவ்வளவுதான்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காப்பீட்டை வைத்து நடக்கும் விவாதம் முழுவதும் இந்த ஒரு காலில் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க் கார்டு, அது எடுபட்டிருந்தாலும்கூட, விரலை வெட்டுவதற்குத்தான் பணம் தந்திருக்கும். அந்த விரலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மாத்திரைக்கு அதில் இடமில்லை. ஆயுஷ்மான் பாரத்தில் அனுமதிக்கு முந்தைய மூன்று நாள், வீட்டுக்கு வந்த பிறகு 15 நாள் வரை மருந்துச் செலவு சேரும். மற்றபடி புற நோயாளியாகப் பார்க்கும் வைத்தியம் எதுவும் சேராது. சுகர், பிரஷர், ஆஸ்துமா, முட்டுவலி என்று எங்கள் பக்கம் மாதச் சம்பளத்தைத் தின்பதெல்லாம் புற நோயாளிச் செலவுதான். கடைக்கு வருகிறவர்களின் பையில் நான் பார்ப்பது மருந்துக்கடை பில்தான்.

சரி, தமிழ்நாட்டுக் கார்டுக்கு மாறிவிட்டால்? இங்கே 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஆரம்பித்து, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று நடக்கிறது. இதுவும் இப்போது குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். இதில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். அத்தை அந்த வரையறைக்குள் வரமாட்டார். என் வருமானமும் வரம்பைத் தாண்டியது. ஆகவே என் ரேஷன் கார்டில் அவர் பெயரைச் சேர்த்து ஒரு பலனும் இல்லை, அவர் பெயரில் தனி ரேஷன் கார்டு எடுக்க வேண்டும். தனி அடுப்பு இருப்பது இந்த விஷயத்தில் நல்லதாகப் போயிற்று. அதற்கு முன்னால் கேரள ரேஷன் கார்டிலிருந்து பெயர் நீக்கிய சான்று வேண்டும்.

ஒரே நாடு ஒரே ரேஷன் வந்துவிட்டதே, இன்னும் ஏன் இந்த அலைச்சல் என்று பலர் கேட்கிறார்கள். அது உணவுப் பாதுகாப்புச் சட்டக் கார்டுக்கு அரிசி, கோதுமை வாங்குவதோடு சரி. அரிசி எல்லை தாண்டுகிறது, வைத்தியம் தாண்டுவதில்லை.

மாறுவதில் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் ஒன்று உண்டு. கேரளத்தில் சமூக நல ஓய்வூதியம் 2025 நவம்பரிலிருந்து மாதம் 2,000 ரூபாய். தமிழ்நாட்டில் 1,200. மாதம் 800, வருஷத்துக்கு 9,600 ரூபாய் குறைகிறது. கையில் வேறு வரும்படி இல்லாத ஒரு பெண்ணுக்கு இது சின்னத் தொகை இல்லை. கார்டை மாற்றாமல் இங்கேயே இருந்துகொண்டு அந்தப் பணத்தை வாங்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அது அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கான பணம். வருஷா வருஷம் நேரில் பதிந்து காட்டவும் வேண்டும். அத்தைக்கே அதில் மனசில்லை.

தனியார் பாலிசியைப் பற்றியும் யோசித்தோம். ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து விளக்கினார். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சில நல்ல மாற்றங்களைக் கொண்டுவந்தது உண்மை. 65 வயதுக்கு மேல் பாலிசி இல்லை என்ற கட்டு போய்விட்டது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் நாலு வருஷத்திலிருந்து மூன்று வருஷமாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. ஆனால் விரல் எடுத்த சுகர்க்காரருக்குப் பாலிசி தருவதா வேண்டாமா என்பது கம்பெனியின் கையில் இருக்கிறது. தந்தாலும், அவருக்கு எந்த நோய் வருமோ அதற்கே மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும். அத்தைக்கு இந்த வழி வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

எனக்கும் மதினிக்கும் விஷயம் வேறு. எங்களைப் போல வருமான வரம்புக்குக் கொஞ்சம் மேலே நிற்பவர்கள், அரசுக் கார்டும் இல்லாமல் ஆபீஸ் காப்பீடும் இல்லாமல் நடுவில் தொங்குகிறவர்கள், நோய் வருவதற்கு முன்பே ஒரு பாலிசி எடுத்துவிடுவதுதான் நல்லது. அண்ணன் வேலை செய்த இடத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை, அவர் போன பிறகு மதினி பட்டதைப் பார்த்தவன் நான். 2020-இல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே விதிகளில் தர வேண்டும் என்று வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை வைத்து மற்றவற்றை ஒப்பிடுங்கள். அதில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். பில்லில் 5 சதவீதம் நாம் கட்ட வேண்டும். அறை வாடகை விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 5,000 வரம்பு இருக்கும்போது 8,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகையில் 3,000 மட்டும் போகும் என்று நினைக்கிறோம். டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாமே எட்டில் ஐந்து பங்காகக் குறைக்கப்படும். அந்த வகையில் ஒரு லட்சம் வந்தால் 62,500தான் கணக்கில் ஏறும். மருந்து, ஸ்டென்ட் போன்ற கருவிகள், பரிசோதனைகள் இந்த வெட்டில் வராது. அட்மிஷன் போடும்போதே அறை வாடகையைக் கேட்டுவிடுங்கள்.

இத்தனையிலும் எனக்கு மனசுக்குப் பிடித்த காப்பீடு ஒன்று உண்டு, ஆனால் அத்தைக்கு அதில் சேர வழியில்லை. என் மைத்துனன் ஆண்டிபட்டி பக்கம் மில்லில் வேலை பார்க்கிறான். சம்பளம் 18,000. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு அவனிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், 585 ரூபாய். இந்த 720 ரூபாயில் அவன், மனைவி, பிள்ளைகள், அவனை நம்பியிருக்கும் அப்பா அம்மா எல்லாருக்கும் காய்ச்சல் மாத்திரையிலிருந்து ஆபரேஷன் வரை உண்டு. நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் வரும். மருந்தகத்தில் சில மாதம் மருந்து இல்லை என்று அவன் புலம்புவதும் உண்டு. ஆனாலும் 1948-இல் போட்ட ஒரு சட்டம் மாத்திரையையும் படுக்கையையும் இழந்த கூலியையும் ஒன்றாக நினைத்துப் பார்த்திருக்கிறது. எழுபது வருஷம் கழித்து வந்த கார்டு படுக்கையை மட்டும் நினைத்தது.

சம்பளம் 21,000-க்கு மேல் போனால் இஎஸ்ஐ இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு 2025 நவம்பர் வரை 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம்தான் இருந்தது. அதன்படி தோட்டமே வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. அத்தையின் பிரசவங்கள் எல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான். 2000 வாக்கில் பீர்மேடு பக்கம் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது ஆஸ்பத்திரிகளும் மூடின. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தோட்ட முதலாளி விரும்பினால் இஎஸ்ஐக்கு வரலாம் என்கிறது. முதலாளி விரும்பினால் என்பதை எடுத்துவிட்டுத் தொழிலாளி விரும்பினால் என்று மாற்றினால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் தினக்கூலிப் பெண்களுக்கு இந்த மாதிரி எதுவும் கைக்கு வந்து சேர்ந்ததாக நான் பார்த்ததில்லை.

இப்போது நாடு எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற பெரிய கேள்வி. ஒரு பக்கம் காப்பீட்டை விரிவாக்கு, எல்லாருக்கும் கார்டு கொடு என்கிறார்கள். இன்னொரு பக்கம் அந்தப் பணத்தை அரசு மருத்துவமனைகளில் போடு என்கிறார்கள். இது பழைய வழக்கு. 1946-இல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு, பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்று எழுதி, வரிப்பணத்தில் நடக்கும் சுகாதார நிலையங்களைத்தான் கேட்டது. 2011-இல் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான நிபுணர் குழுவும் வரிப்பணத்தையே முதன்மையாகச் சொன்னது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆக வேண்டும் என்றது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கில் அது 1.84 சதவீதம். அதே கணக்கில், வைத்தியத்துக்கு நாட்டில் செலவாகும் 100 ரூபாயில் 39 ரூபாய் ஜனங்கள் நேராகத் தங்கள் கையிலிருந்து கொடுப்பது. 2013-14-இல் 64 ரூபாயாக இருந்தது, இறங்கியிருக்கிறது, மகிழ்ச்சி. இன்னும் 39 இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

காப்பீட்டுப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எதிர் வீட்டு அண்ணனுக்கு மாரடைப்பு வந்தபோது கார்டுதான் மதுரையில் தனியார் மருத்துவமனைக் கதவைத் திறந்தது. அவர் வயல் இன்றைக்கும் அவர் பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் இந்தக் காப்பீட்டில் சேர்ந்திருப்பதால், கார்டுப் பணத்தில் ஒரு பகுதி அவற்றுக்கே திரும்புகிறது. இதை எல்லா மாநிலமும் செய்ய வேண்டும். ஆனால் கார்டை மட்டும் நம்பினால் கணக்குக் கண்ணைக் கட்டும். 2023-இல் ஆயுஷ்மான் பாரத்தைப் பற்றி மத்திய தலைமைத் தணிக்கையாளர் (சிஏஜி) தந்த அறிக்கையில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே போலி செல்போன் எண்ணில் பதிவாகியிருந்தது வெளியே வந்தது. மருத்துவமனை பில் போடும், எங்கோ ஓர் ஆபீஸ் அதைச் சரிபார்க்கும் என்ற ஏற்பாட்டில் இந்தத் தொல்லை கூடவே வரும்.

தாய்லாந்து 2002-இல் நாடு முழுக்க ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. வரிப்பணம்தான். ஒவ்வொருவரும் பக்கத்து மருத்துவமனை வலையில் பதிந்துகொள்ள வேண்டும், புற நோயாளி வைத்தியத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு அந்த மருத்துவமனைக்குக் கொடுத்துவிடும். காய்ச்சலானாலும் ஆபரேஷனானாலும் நோயாளி ஒரு தடவைக்கு 30 பாட் கொடுத்தால் போதும் என்று ஆரம்பித்தார்கள். சுகர்க்காரருக்கு மாத்திரை சரியாகப் போய்ச் சேர்ந்தால் விரலை வெட்டும் வேலை மிச்சம். இந்தியாவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாம் கேட்க வேண்டியது இந்தத் திசையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதில் பாதி வழி வந்திருக்கிறது. விரல் போன பிறகு அத்தைக்கு அந்தத் திட்டத்தில் மாதாமாதம் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. கொண்டுவருகிற பெண் கால் புண்ணையும் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார். அத்தையிடம் அவர் எந்த மாநிலக் கார்டு என்று இதுவரை கேட்டதில்லை.

கார்டு கேட்காமல் வைத்தியம் பார்ப்பது நடக்காத காரியம் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கம்பம்மெட்டு வளைவில் ஜீப் உருண்டால் இந்தப் பக்கம் உருண்டவருக்கு இது உண்டு. ஆகவே தேசிய அளவில் காப்பீட்டைத் திருத்துகிறவர்கள் செய்ய வேண்டியதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரண்டு. மாநில அரசு சேர்த்தவர்களின் கார்டும் எல்லை தாண்டிச் செல்ல வேண்டும், கணக்கை இரண்டு அரசுகளும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். புற நோயாளிச் செலவு, குறைந்தது சுகர், பிரஷர் மாதிரி ஆயுள் முழுக்க வரும் நோய்களுக்காவது, உள்ளே வர வேண்டும். 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் ஆயுஷ்மானை விரித்தார்கள். வரவேற்கிறேன். அதிலும் மாத்திரை இல்லை. அந்தக் கார்டு எடுக்கிறவர்கள், நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் அதை ஏற்கிறார்களா என்று முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு நாங்கள் எடுத்த முடிவு, தமிழ்நாட்டுக் கார்டுக்கு மாறுவது. மாத்திரையும் புண்ணுக்குக் கட்டும் கார்டு இல்லாமலே கிடைக்கின்றன என்பதால் மாறாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்து இதயமோ கிட்னியோ என்று வந்து, தனியார் மருத்துவமனைக்கு எடுத்துப் போக நேர்ந்தால், மறுபடி ஒரு வாசலில் நின்று "இங்க எடுக்காது" என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. வருஷத்துக்கு 9,600 ரூபாய் நஷ்டத்தை நானும் மதினியும் மகளும் பகிர்ந்துகொள்வதாகப் பேசிவிட்டோம். மகளோடு லயத்தில் இடம் இருந்திருந்தால் திரும்பிப் போய் அங்கேயே இருக்கச் சொல்லியிருப்பேன். கேரளத்தில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை பெயர் நீக்க விண்ணப்பம் கொடுக்க மலையேறுகிறோம். நேற்று ராத்திரி பழைய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை கேட்டார்: "இதைக் கொடுத்துட்டா, நான் அங்க அம்பது வருசம் இருந்தேன்னு எதுல இருக்கும்?"

கடையைத் திறந்து, முன்னும் பின்னும் ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் பண்ணிக் கொடுத்தேன்.